டெஸ்க்டாப்ல கூடுதலா ரேம் போடுறது எப்படி? மொத தடவ பெட்டிய தொறக்குறவங்களுக்கு

கம்ப்யூட்டர் இழுத்து இழுத்து வேல செய்யுது, ரேம் ஏத்துனா சரியாயிடும்னு யாரோ சொன்னாங்க, ஆனா பெட்டிய தொறந்து உள்ள கைய வைக்க பயமா இருக்கு, இப்படி நெனச்சுக்கிட்டே மாசக்கணக்கா தள்ளிப் போடுறவங்க நெறய பேர பாத்திருக்கேன். அவங்களுக்காகத் தான் இத எழுதுறேன். மாட்டுற வேல மொத்தமே 15 நிமிஷம், ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருந்தா போதும். சிக்கல் எல்லாம் அதுக்கு முன்னாடி, ஒத்து வர்ற ரேம பாத்து வாங்குறதுல தான் வருது. அதனால வாங்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய விஷயங்கள தான் நான் கொஞ்சம் நீட்டி சொல்லப் போறேன், அந்தப் பகுதிய அவசரத்துல தாண்டிப் போயிடாதீங்க.

ரேம் தான் பிரச்சனையான்னு மொதல்ல பாருங்க

நீங்க தினமும் என்னென்ன தொறந்து வச்சு வேல பாப்பீங்களோ அத்தனையும் தொறந்து வச்சுக்குங்க. ப்ரவுசர்ல 20 டேப், ஒரு எக்செல் ஃபைல், வீடியோ கால், எதுவா இருந்தாலும் சரி. இப்ப கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணு கீயையும் சேத்து அழுத்துங்க, டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரிய க்ளிக் பண்ணுங்க. அங்க 85, 90 சதவீதம்னு நின்னுக்கிட்டு இருந்தா ரேம் போட்டா கண்டிப்பா வித்தியாசம் தெரியும். 50 சதவீதம் கூட தாண்டலன்னா, அப்புறம் எவ்வளவு ரேம் போட்டாலும் அது சும்மா தான் உக்காந்திருக்கும். அந்த மாதிரி இருந்து, விண்டோஸ் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்ல தான் ஓடுதுன்னா, மொத செலவ எஸ்எஸ்டிக்கு பண்ணுங்க, ரேம் அப்புறம் பாத்துக்கலாம்.

அந்தப் பக்கத்துல அவைலபிள்னு ஒரு நம்பர் இருக்கும், அது தான் முக்கியம். காலியா இருக்குற ரேம விண்டோஸ் சும்மா விடாது, அடிக்கடி தேவைப்படுறத முன்கூட்டியே கொண்டு வந்து அதுல வச்சுக்கும், வேற ப்ரோகிராம் கேட்டா உடனே காலி பண்ணிக் குடுத்துடும். அதனால ஃப்ரீ கம்மியா இருக்கேன்னு பதற வேணாம், அவைலபிள் எவ்வளவு இருக்குன்னு பாருங்க.

ரேம் நெறஞ்சு போனா ஏன் அவ்வளவு இழுக்குதுன்னா, இடம் பத்தாதத எல்லாம் விண்டோஸ் டிஸ்க்ல பேஜ் ஃபைல்னு ஒரு ஃபைல்ல கொண்டு போய் வச்சுட்டு தேவைப்படும் போது திரும்ப எடுக்கும். ரேம்ல இருந்து ஒரு தகவல் எடுக்க ஏறக்குறைய 100 நானோசெகண்ட் ஆகும்னா, சுத்துற ஹார்ட் டிஸ்க்ல அதே வேலைக்கு 10 மில்லிசெகண்ட் வரைக்கும் ஆகும், அதாவது ஒரு லட்சம் மடங்கு. மவுஸ் கூட நகராம ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு நிக்குறது பல நேரம் இதனால தான்.

இன்னொண்ணு, உங்க விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டான்னு பாருங்க. செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபவுட்னு போனா சிஸ்டம் டைப்னு போட்டிருக்கும். 32 பிட் விண்டோஸா இருந்தா 4 ஜிபிக்கு மேல எவ்வளவு மாட்டுனாலும் எடுத்துக்காது, அந்த 4 ஜிபியிலயே பெரும்பாலும் மூணேகால், மூணரை தான் கைக்கு வரும். அப்ப மொதல்ல 64 பிட் விண்டோஸ புதுசா போடணும், அதுக்கப்புறம் தான் ரேம் பேச்சு.

எந்த ரேம் வாங்கணும்

இங்க தான் காசு வீணாப் போகுது. கடையில போய் 8 ஜிபி ரேம் குடுங்கன்னு மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்துடுறாங்க, வீட்ல வந்து பாத்தா ரேம் மாட்டுற ஸ்லாட்லயே உக்காராது.

டெஸ்க்டாப் ரேம்ல இப்ப புழக்கத்துல இருக்குறது மூணு தலைமுறை. டிடிஆர்3 வந்தது 2007 வாக்குல, டிடிஆர்4 2014ல, டிடிஆர்5 2021ல சாதாரண கம்ப்யூட்டர்களுக்கு வந்துச்சு. டிடிஆர்3க்கு 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4க்கு 288 பின், 1.2 வோல்ட். டிடிஆர்5க்கும் அதே 288 பின் தான், ஆனா 1.1 வோல்ட், உள்ள அமைப்பே வேற. மூணுக்கும் அடிப்பக்கம் ஒரு சின்ன வெட்டு இருக்கும் பாருங்க, அந்த வெட்டு ஒவ்வொண்ணுலயும் வேற வேற இடத்துல இருக்கும், ஒண்ண எடுத்து இன்னொண்ணோட ஸ்லாட்ல தப்பா மாட்டிடக் கூடாதுன்னு தான் அப்படி வச்சிருக்காங்க. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியுதேன்னு பலத்த காட்டி அழுத்துனா ஸ்லாட்டு ஒடஞ்சிடும், அப்புறம் மதர்போர்டையே மாத்த வேண்டி வரும்.

உங்களுது எதுன்னு தெரிஞ்சுக்க ப்ராசசர வச்சே ஓரளவு சொல்லிடலாம். இன்டெல்ல 2, 3, 4வது தலைமுறைன்னா டிடிஆர்3. 6வதுல இருந்து 11வது வரைக்கும் பெரும்பாலும் டிடிஆர்4, 6, 7வதுல மட்டும் சில போர்டு டிடிஆர்3எல், அதாவது கம்மி வோல்ட்ல ஓடுற டிடிஆர்3, கேக்கும். 12, 13, 14வது தலைமுறையில தான் குழப்பம், அந்த ப்ராசசர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுலயும் ஓடும், எது போடணும்கிறத போர்டு தான் முடிவு பண்ணும். ஏஎம்டி ரைசன்ல ப்ராசசர் உக்கார்ற சாக்கெட் ஏஎம்4னா டிடிஆர்4, ஏஎம்5னா டிடிஆர்5, இதுல சந்தேகமே வேணாம். இது எதுவும் புரியலன்னா சிபியு இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல மெமரி டேப்ப தொறந்தா டைப்புங்கிற இடத்துல நேரா எழுதியிருக்கும். லினக்ஸ் வச்சிருக்குறவங்க டெர்மினல்ல டிஎம்ஐடிகோட் கமாண்ட் போட்டா ஒவ்வொரு ஸ்லாட்லயும் என்ன மாட்டியிருக்குன்னு வரிசையா சொல்லிடும்.

அடுத்தது, போர்டு எவ்வளவு தாங்கும், எத்தன ஸ்லாட்டு காலியா இருக்கு. டாஸ்க் மேனேஜர்ல அதே மெமரி பக்கத்துல ஸ்லாட்ஸ் யூஸ்டுன்னு 2ல 1, 4ல 2 அப்படின்னு காட்டும், ஆனா சில மிஷின்ல அது தப்பாவும் காட்டும், அதனால ஒரு தடவ பெட்டிய தொறந்து கண்ணால பாத்துடுறது நல்லது. அதிகபட்ச அளவுக்கு போர்டு மாடல் நம்பர் வேணும், சிபியு இசட்ல மெயின்போர்டு டேப்ல இருக்கும், அத வச்சு கம்பெனி வெப்சைட்ல மேனுவல பாருங்க. பழைய எச்61, எச்81 போர்டெல்லாம் மொத்தம் 16 ஜிபி தான் தாங்கும், ஒரு ஸ்லாட்டுக்கு 8க்கு மேல போகாது. உங்ககிட்ட இருக்குறது கம்பெனியே அசெம்பிள் பண்ணி குடுத்த பிராண்டட் மிஷின்னா அந்த மாடல் பேர போட்டு தேடுங்க. சின்ன சைஸ் டெஸ்க்டாப்பும் ஆல் இன் ஒன்னும் வச்சிருக்குறவங்க கவனிங்க, உங்க மிஷின்ல லேப்டாப்புக்கு போடுற குட்டை ரேம், சோடிம்னு சொல்றது, இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரண டெஸ்க்டாப் ரேம் ஸ்டிக் நீளம் 13 சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல, சோடிம் அதுல பாதி தான்.

இப்ப ஏற்கனவே உள்ள ஸ்டிக்க, கீழ மாட்டுற பகுதியில சொல்ற மாதிரி பவர உருவிட்டு கழட்டி, அதுல ஒட்டியிருக்குற லேபிள படிக்கத் தெரிஞ்சா பாதி வேல முடிஞ்சது. பிசி4-25600னு போட்டிருந்தா பயந்துடாதீங்க. பிசி4னா டிடிஆர்4. 25600ங்கிறது செகண்டுக்கு எத்தன மெகாபைட் போகும்கிற கணக்கு, அத 8ஆல வகுத்தா 3200, அது தான் நாம பேச்சுல சொல்ற வேகம். அதே மாதிரி பிசி3-12800னா டிடிஆர்3 1600, பிசி4-19200னா டிடிஆர்4 2400. சில லேபிள்ல நேராவே பிசி4-3200னு போட்டு அதுக்கு பின்னாடி யுஏ2ன்னு ஏதாவது வரும், அந்த எடத்துல யு எழுத்து இருந்தா சாதாரண டெஸ்க்டாப் ரேம், எஸ் இருந்தா லேப்டாப், ஆர் இருந்தா சர்வர் ரேம்.

அந்த சர்வர் ரேம் விஷயத்துல தயவு செஞ்சு கவனமா இருங்க. பழைய சர்வர்கள்ல இருந்து கழட்டுன ரேம் 16, 32 ஜிபின்னு ரொம்ப கம்மி வெலைக்கு விப்பாங்க, பாக்க அச்சு அசலா டெஸ்க்டாப் ரேம் மாதிரியே இருக்கும், டிடிஆர்4ல வெட்டு கூட அதே எடத்துல தான், ஸ்லாட்ல அழகா உக்காரும், ஆனா சாதாரண டெஸ்க்டாப் போர்டுல டிஸ்ப்ளே வராது. அதே மாதிரி டிடிஆர்3ல ஏஎம்டிக்கு மட்டும்னு சொல்லி மலிவா ஒரு வகை கெடைக்கும், இன்டெல் போர்டுல அது வேல செய்யாது. வெல ரொம்ப கம்மியா இருந்தா ஏன் கம்மின்னு விக்கிறவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்குங்க.

பழசும் புதுசும் சேத்து போடலாமா

போடலாம். பழைய 8 ஜிபி 2666, புதுசு 8 ஜிபி 3200ன்னா ரெண்டும் 2666ல ஓடும், வேகம் கம்மியா இருக்குறதுக்கு ஏத்த மாதிரி இன்னொண்ணு இறங்கி வந்துடும். பிராண்டு வேற வேறயா இருந்தாலும் பெரும்பாலும் ஒத்துப் போயிடும். பெரும்பாலும்னு தான் சொல்றேன், ஏன்னா ஒண்ணா பேக் பண்ணி கிட்டுன்னு விக்கிற ஜோடிய மட்டும் தான் சேத்து வச்சு டெஸ்ட் பண்ணி அனுப்புறாங்க. அதனால பழைய ஸ்டிக்கோட ஸ்பீடு, சிஎல்16, சிஎல்22ன்னு வர்ற டைமிங், வோல்டேஜ் மூணையும் குறிச்சு வச்சுக்கிட்டு முடிஞ்ச வரைக்கும் அதுக்கு நெருக்கமா வாங்குங்க, ஒத்து வரலன்னா மாத்திக் குடுப்பீங்களான்னு வாங்கும் போதே கேட்டுக்குங்க.

ஒரே 16 ஜிபி ஸ்டிக்கா, ரெண்டு 8 ஜிபியா, எது நல்லதுன்னு எல்லாரும் கேப்பாங்க. ரெண்டு ஸ்டிக் போட்டா டூயல் சேனல்ல ஓடும். ஒரு சேனல்ங்கிறது ப்ராசசருக்கும் ரேமுக்கும் நடுவுல 64 பிட் அகலத்துல ஒரு பாதை மாதிரி, டிடிஆர்4 3200ல அந்த ஒரு பாதையில செகண்டுக்கு 25.6 ஜிபி போகும், ரெண்டு பாதையும் தொறந்தா 51.2. டைப் அடிக்குறது, நெட் பாக்குறதுக்கெல்லாம் இது பெருசா தெரியாது, ஆனா தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம ப்ராசசர்லயே இருக்குற கிராஃபிக்ஸ வச்சு கேம் ஆடுறவங்களுக்கு கண்கூடாத் தெரியும், ஏன்னா அந்த கிராஃபிக்ஸ் இந்த ரேமையே தான் பங்கு போட்டுக்குது. ஏற்கனவே 8 இருக்கு, கையில உள்ள காசுக்கு 4 தான் கெடைக்குதுன்னாலும் போடுங்க, இன்டெல் போர்டுகள்ல 4க்கு 4 டூயல் சேனலாவும் மிச்சம் உள்ள 4 சிங்கிளாவும் ஓடும், வீணாகாது.

டிடிஆர்5 போர்டு வச்சிருக்குறவங்களுக்கு மட்டும் நான் வேற மாதிரி சொல்வேன். நாலு ஸ்லாட்டையும் ரொப்பாதீங்க. உதாரணத்துக்கு ரைசன் 7000 ப்ராசசர்ல ரெண்டு ஸ்டிக் போட்டா 5200 வரைக்கும் கம்பெனியே உத்தரவாதம் குடுக்குது, நாலு போட்டா அது 3600ஆ எறங்கிடுது. அங்க பழச வித்துட்டு பெரிய சைஸ்ல ரெண்டா வாங்குறது தான் சரி.

இப்ப மாட்டலாம்

விண்டோஸ ஷட் டவுன் பண்ணுங்க, ஸ்லீப்ல போடுறது போதாது. ரேம் ஒவ்வொரு பிட்டையும் ரொம்ப சின்ன கெப்பாசிட்டர்ல சார்ஜா தான் வச்சிருக்கு, அது கசிஞ்சுக்கிட்டே இருக்கும், அதனால டிடிஆர்4ல 64 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ எல்லாத்தையும் திரும்ப திரும்ப புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். ஸ்லீப்ல இருக்கும் போது ஸ்க்ரீன் அணைஞ்சு ஃபேன் நின்னு போயிருந்தாலும் ரேமுக்கு மட்டும் கரண்ட் போயிக்கிட்டே இருக்கும், அந்த நெலமையில ஸ்டிக்க புடுங்குனா ரேமும் போகலாம் போர்டும் போகலாம். ஷட் டவுன் ஆனதும் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்குற பெட்டி, அதுக்கு பின்னாடி உள்ள சுவிட்ச அணைச்சு, பவர் கேபிள சுத்தமா உருவிடுங்க. உருவுன அப்புறம் முன்னாடி உள்ள பவர் பட்டன ஒரு பத்து செகண்ட் அழுத்திப் புடிங்க, உள்ள தங்கியிருக்குற மிச்ச கரண்டும் எறங்கிடும்.

மத்த கேபிள கழட்டுறதுக்கு முன்னாடி பின்பக்கத்த ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்குங்க, திரும்ப மாட்டும் போது யோசிக்கவே வேணாம். பெட்டிய ஒரு டேபிள்ல படுக்க வைங்க, போர்டு மேல பாத்த மாதிரி. எந்தப் பக்க கதவு தொறக்கணும்னா, பெட்டி முன்பக்கம் உங்கள பாத்து நிக்கும் போது பெரும்பாலும் உங்க இடது பக்கம். பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், கழட்டிட்டு கதவ பின்னாடி இழுத்தா வந்துடும். கார்பெட், கம்பளி இருக்குற எடத்துல இந்த வேல வேணாம்.

ரேம கைல எடுக்குறதுக்கு முன்னாடி பெட்டியோட பெயின்ட் அடிக்காத இரும்பு பகுதிய ஒரு தடவ தொடுங்க, நடுவுல எந்திரிச்சு போயிட்டு வந்தா திரும்பவும் தொடுங்க. நம்ம ஒடம்புல சேந்திருக்குற ஸ்டாட்டிக் கரண்ட் நமக்கு தெரியாமலே சிப்ப கெடுத்துடும், சில நேரம் உடனே சாகாது, கொஞ்ச நாள் கழிச்சு மர்மமா ஹேங் ஆக ஆரம்பிக்கும், அது இன்னும் கொடுமை. உள்ள தூசி நெறய இருந்தா பெயின்ட் பிரஷ்ஷோ ப்ளோயரோ வச்சு தட்டிடுங்க, வேக்குவம் க்ளீனர போர்டுகிட்ட கொண்டு போகாதீங்க, அதுலயும் ஸ்டாட்டிக் உருவாகும்.

ப்ராசசர் ஃபேனுக்கு பக்கத்துல நீளமா ரெண்டோ நாலோ ஸ்லாட் இருக்கும், அது தான். நாலு ஸ்லாட் போர்டுல ப்ராசசருக்கு பக்கத்துல இருந்து ஏ1, ஏ2, பி1, பி2ன்னு எண்ணுங்க. மொத்தமே ரெண்டு ஸ்டிக்னா பெரும்பாலான போர்டுல ஏ2, பி2, அதாவது ரெண்டாவதும் நாலாவதும். ஏற்கனவே அந்த ரெண்டுல ஜோடி இருந்து நீங்க இன்னொரு ஜோடி சேக்குறீங்கன்னா புதுச ஏ1, பி1ல போடுங்க. சில போர்டுல வரிசை மாறும், கலரும் ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு மாதிரி குடுக்கும், அதனால மேனுவல்ல உள்ள படத்த ஒரு தடவ பாத்துட்டா நிம்மதி. ரெண்டே ஸ்லாட்னா யோசிக்க ஒண்ணும் இல்ல.

ஸ்லாட்டோட ரெண்டு ஓரத்துலயும் இருக்குற க்ளிப்ப வெளிப்பக்கமா தள்ளி தொறங்க. சில போர்டுல ஒரு பக்கம் மட்டும் தான் க்ளிப் அசையும், இன்னொரு பக்கம் அப்படியே நிக்கும், அத நெம்பாதீங்க, ஒடஞ்சிடும். கிராஃபிக்ஸ் கார்டு இடிச்சு க்ளிப் தொறக்க முடியலன்னா கார்ட கழட்டிட்டு பண்ணுங்க, அவசரப்பட வேணாம்.

ஸ்டிக்க ரெண்டு ஓரத்துல புடிச்சு எடுங்க, தங்கக் கலர்ல வரிசையா இருக்குற பின்ன கையால தொடாதீங்க. ரேம்ல உள்ள வெட்டும் ஸ்லாட்டுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குற மேடும் ஒரே நேர்ல வர்ற மாதிரி திருப்பி வைங்க. வெட்டு சரியா நடுவுல இருக்காது, கொஞ்சம் ஒரு பக்கமா தள்ளித் தான் இருக்கும், அதனால ஒரு பக்கம் வச்சா தான் பொருந்தும், பொருந்தலன்னா பின் கீழ பாத்தபடியே இடது ஓரம் வலது பக்கம் வர்ற மாதிரி திருப்புங்க. டிடிஆர்4ல அடி ஓரம் நேர்கோடா இருக்காம நடுவுல லேசா வளைஞ்சு கீழ எறங்கியிருக்கும், அது டேமேஜ் இல்ல, எல்லா பின்னும் ஒரே நேரத்துல இடிச்சு அழுத்தம் ஏறாம இருக்க அப்படித் தான் செய்றாங்க.

இப்ப நேரா நிக்க வச்சு, ரெண்டு கட்டை விரலையும் ரெண்டு ஓரத்துல வச்சு சமமா கீழ அழுத்துங்க. இந்த எடத்துல தான் புதுசா பண்றவங்க எல்லாரும் தயங்குவாங்க. நாம நெனைக்கிறத விட அதிகமா அழுத்தணும், போர்டு லேசா வளையுற மாதிரி கூட தோணும், டக்குன்னு ஒரு சத்தத்தோட க்ளிப் தானா மேல வந்து ஸ்டிக்கோட பக்கத்துல இருக்குற பள்ளத்துல மாட்டிக்கும். அந்த சத்தம் வர்ற வரைக்கும் வேல முடியல. நான் மொத தடவ பண்ணப்ப எங்க ஒடஞ்சிடுமோன்னு பாதி அழுத்தத்துல விட்டுட்டேன், ஆன் பண்ணா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரல, போர்டு போயிடுச்சுன்னு அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல. காலைல திரும்ப தொறந்து ஒரு பக்கம் இன்னும் அழுத்துனேன், டக்குன்னு சத்தம் கேட்டுச்சு, கம்ப்யூட்டர் ஆன் ஆயிடுச்சு. அதனால மாட்டுனதும் பக்கவாட்டுல இருந்து கண்ண வச்சு பாருங்க, பக்கத்துல உள்ள பழைய ஸ்டிக்கும் புதுசும் ஒரே உயரத்துல இருக்கணும், தங்கக் கலர் பின் வெளிய தெரியவே கூடாது.

மொத தடவ ஆன் பண்றது

கதவ உடனே மூடாதீங்க. மானிட்டர், கீபோர்டு, பவர் மட்டும் மாட்டி ஆன் பண்ணுங்க. ரேம் மாறுன அப்புறம் போர்டு அத புதுசா பழகிக்கிறதுக்கு நேரம் எடுத்துக்கும், மெமரி ட்ரெயினிங்னு சொல்வாங்க, அப்ப ஸ்க்ரீன் கருப்பா இருக்கும், தானா ஒண்ணு ரெண்டு தடவ அணைஞ்சு ஆன் ஆகவும் செய்யும். டிடிஆர்5ல இது சில நிமிஷம் கூட ஆகும். பொறுமையா ஒரு பத்து நிமிஷம் விடுங்க, நடுவுல பவர அணைக்காதீங்க. சில பிராண்டட் மிஷின்ல மெமரி அளவு மாறியிருக்குன்னு ஒரு மெசேஜ் வந்து எஃப்1 அழுத்தச் சொல்லும், அழுத்திட்டு போங்க.

அப்பவும் டிஸ்ப்ளே வரல, இல்ல பீப் பீப்னு நிக்காம சத்தம் வருதுன்னா பத்துல ஒம்போது தடவ ஸ்டிக் சரியா உக்காரலன்னு அர்த்தம், நான் பாத்த வரைக்கும் அப்படித் தான். திரும்ப பவர உருவிட்டு கழட்டி மாட்டுங்க. பழைய ஸ்டிக்ல பின் கருத்துப் போயிருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச துணியில தொடச்சு காய விடுங்க. அழி ரப்பர் வச்சு தேய்க்கிறதும் எல்லாரும் பண்றது தான், ஆனா மெதுவா தேய்ங்க, துகள் ஒண்ணு கூட ஸ்லாட்டுக்குள்ள விழாம தொடச்சிடுங்க. அதுக்கும் வரலன்னா ஒவ்வொண்ணா பிரிச்சு பாக்கணும், புது ஸ்டிக்க மட்டும் தனியா போட்டு பாருங்க, அப்புறம் பழச மட்டும், அப்புறம் வேற ஸ்லாட்ல. இப்படி பண்ணா கோளாறு ஸ்டிக்லயா ஸ்லாட்லயான்னு பிடிபட்டுடும். தனித்தனியா ரெண்டும் ஓடுது, சேத்து போட்டா மட்டும் ஓடலன்னா, போர்டுல இருக்குற காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரிய பவர் இல்லாம அஞ்சு நிமிஷம் கழட்டி வச்சுட்டு திரும்ப போடுங்க, பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற போர்டோட சொந்த சாஃப்ட்வேர், அதோட செட்டிங் எல்லாம் பழையபடி ரீசெட் ஆகும். பயாஸ் ரொம்ப பழசா இருந்தா அப்டேட் பண்ணி பாக்கலாம். அதுக்கும் மசியலன்னா அந்த ரெண்டு ஸ்டிக்குக்கும் ஒத்து வரல, வாங்குன எடத்துல மாத்திடுங்க.

விண்டோஸ் வந்துடுச்சுன்னா

டாஸ்க் மேனேஜர திரும்ப தொறந்து மொத்த அளவு ஏறியிருக்கான்னு பாருங்க. 16 போட்டும் 15.4, 15.8ன்னு காட்டுனா கவலப்படாதீங்க, ப்ராசசர்ல உள்ள கிராஃபிக்ஸும் போர்டும் கொஞ்சம் எடுத்து வச்சுக்கும். அதுவே ஹார்டுவேர் ரிசர்வ்டுன்னு 4 ஜிபி, 8 ஜிபின்னு பெரிய நம்பர் இருந்தா மட்டும் ஏதோ தப்பு, ஸ்டிக்க திரும்ப உக்கார வைங்க, அதோட ரன்ல எம்எஸ்கான்ஃபிக் போட்டு பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல மேக்சிமம் மெமரின்னு ஒரு டிக் இருக்கான்னு பாருங்க, இருந்தா எடுத்துடுங்க.

ஸ்பீடும் பாருங்க. 3200 வாங்கிட்டு வந்தும் 2133, 2400ன்னு காட்டலாம், ரேம் டூப்ளிகேட்னு நெனச்சுடாதீங்க. பல ஸ்டிக்ல மேல எழுதியிருக்குற வேகம் பயாஸ்ல ஆன் பண்ணா தான் வரும், இன்டெல் போர்டுல எக்ஸ்எம்பின்னும், டிடிஆர்5 ஏஎம்டி போர்டுல எக்ஸ்போன்னும், சில ஏஎம்டி போர்டுல டிஓசிபின்னும் பேர் இருக்கும். ஆன் பண்ணி சேவ் பண்ணா ஏறிடும். சில போர்டும் ப்ராசசரும் அந்த வேகத்த அனுமதிக்கவே செய்யாது, எச்110 மாதிரி போர்டெல்லாம் அப்படி, அங்க இருக்குறதோட விட்டுடுங்க. வேற வேற ஸ்டிக்க கலந்து போட்டவங்க இத ஆன் பண்ணி ஹேங் ஆச்சுன்னா திரும்ப ஆஃப் பண்ணிடுங்க, உங்களுக்கு வேகத்த விட அளவு தான் தேவையா இருந்துச்சு. அப்புறம் சிபியு இசட்ல பாத்து 1600 தான் காட்டுதுன்னு கொழம்பாதீங்க, டிடிஆர்னாலே ஒரு க்ளாக்குக்கு ரெண்டு தடவ டேட்டா போகும், அது க்ளாக்க மட்டும் சொல்லுது, ரெண்டால பெருக்கிக்குங்க.

இதோட நிறுத்திடாம ஒரு டெஸ்ட் ஓட விடுங்கன்னு நான் ரொம்ப அழுத்தி சொல்வேன். கெட்ட ரேம் எப்பவும் உடனே காட்டிக் குடுக்காது, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு நாள் நீங்க சேவ் பண்ண ஃபைலே கெட்டுப் போயிருக்கும், ஃபோட்டோ பாதி தெரியாது. விண்டோஸ்லயே மெமரி டயக்னாஸ்டிக்னு ஒண்ணு இருக்கு, ஸ்டார்ட்ல டைப் பண்ணா வரும், அவசரத்துக்கு அது போதும். முழுசா பாக்கணும்னா மெம்டெஸ்ட்86அ பென் டிரைவ்ல ஏத்தி அதுல இருந்து பூட் பண்ணி ராத்திரி முழுக்க விட்டுடுங்க. ஒரே ஒரு எரர் வந்தா கூட அந்த ரேம நம்பாதீங்க. எக்ஸ்எம்பி ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிட்டு திரும்ப ஓட்டிப் பாருங்க, அப்பவும் எரர் வந்தா எந்த ஸ்டிக்குன்னு தனித்தனியா ஓட்டி கண்டுபுடிச்சு மாத்திடுங்க.

ரேம் ஏத்துன அப்புறம் சி டிரைவ்ல இடம் கொறஞ்சிருக்கேன்னு சிலருக்கு தோணும். ஹைபர்நேட்டுக்காக, அதாவது ரேம்ல உள்ளத டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அணையுறதுக்காக, விண்டோஸ் வச்சிருக்குற ஃபைல் ரேம் அளவுக்கு ஏத்த மாதிரி பெருசாகும், பேஜ் ஃபைலும் கொஞ்சம் ஏறும், அது தான் காரணம். ஹைபர்நேட் நீங்க பயன்படுத்துறதே இல்ல, எஸ்எஸ்டி வேற சின்னதுன்னா அத அணைச்சு வச்சுக்கலாம், ஆனா அணைச்சா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேந்து போயிடும்.

எல்லாம் ஓடுதுன்னு தெரிஞ்ச அப்புறம் பவர அணைச்சுட்டு கதவ மூடி ஸ்க்ரூ போடுங்க. ஸ்டிக் மேல இருக்குற ஸ்டிக்கர அழகுக்காக கூட உரிச்சுடாதீங்க, உரிச்சா வாரண்டி போயிடும், நல்ல கம்பெனி ரேமுக்கு பல வருஷம், சிலதுக்கு ஆயுள் முழுக்க கூட வாரண்டி உண்டு. பில்ல ஃபோட்டோ எடுத்து மெயில்ல போட்டு வச்சுக்குங்க, அந்த பேப்பர்ல எழுத்து ஒரு வருஷத்துல மங்கிடும்.